செத்தவன் எழுந்து வந்த படங்கள்

குதிரைச் சண்டைப் படங்கள் என்றாலே கற்றோர் முகஞ் சுளிப்பர். அதிலும், குறைந்த செலவில் அவசர அவசரமாகப் பிடித்து முடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களென்றால் கேட்கவே வேண்டியதில்லை. கதை ஒன்றே, ஊர் ஒன்றே, பண்ணை நிலத்தை அபகரிக்க வரும் கயவனுங்கூடப் பெரும்பாலும் ஒருவனே. ஆயினும், எழுபது வயதைத் தாண்டிய பின்பும் அப்படங்களின்மீது எனக்குள்ள பற்றுக் குறையவில்லை.

1933 முதல் 1935 வரை 'லோன் ஸ்டார்' என்ற பெயரில் ஜோன் வெயின் நடித்த 16 படங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஓடும். அவற்றுட் பலவற்றில் யக்கிமா கனுட் என்ற சாகச வீரர் இருப்பார். கயவனாக நடிப்பவரும் அவரே. கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து பாய்பவரும் அவரே. தம்மைத் தாமே துரத்திப் பிடித்தவர் என்று அவரைச் சொல்லலாம்! அதற்கு முன்னர், வார்னர் நிறுவனத்துக்காக வெயின் நடித்த சில படங்களில், கென் மேனார்ட் நடித்த ஊமைப் படங்களின் குதிரையோட்டங்களை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டுத் தெரியாதிருக்க வெயினுக்கும் மேனார்டின் உடை போன்ற உடையையே அணிவித்தார்கள். சிக்கனத்தில் நம் யாழ்ப்பாணத்தாரையும் விஞ்சிவிட்டார்கள்.

தமிழிலும் இவ்வகை உண்டு. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) முதலிய படங்களை எடுத்தார். தொப்பியும் துப்பாக்கியும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பேச்சும் பாட்டும் நம்முடையவை. பணத்தால் வராத அழகு அங்கே வெயிலாலும் புழுதியாலும் வந்தது.

அந்நாளில் யாழ்ப்பாணத்து ரீகல் படமாளிகை ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. பெருஞ்செலவில் எடுத்த புராணப் படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் அரண்மனை கட்டி விளையாடியதில்லை. குதிரைப் படத்தையோ, வீடு வந்து சேருமுன்பே ஒழுங்கையில் ஆடத் தொடங்கிவிடுவோம். உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்களென்பது வெளியே தெரியும் சட்டை அது; நாமும் தைக்கலாமே என்று தோன்றும். மணற்காட்டு மணற்குன்றுகள் எங்களுக்கு அரிசோனாவாயின. குதிரையென்று நாங்கள் கேள்விப்பட்டதெல்லாம் நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரிபவையே. அவற்றையும் கண்ணாற் கண்டவன் எங்களுள் ஒருவன்தான். ஆகவே பூவரசந்தடி குதிரையாயிற்று, பனைமட்டை துப்பாக்கியாயிற்று.

படத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. முதற் சண்டையில் சூடுபட்டு விழுந்த மீசைக்காரன், சற்று நேரத்தில் வேறோர் ஊர்ச் சாராயக்கடையில் தாடியோடு நிற்பான். "டேய், செத்தவன் வந்திட்டான்!" என்று கலரி ஆரவாரிக்கும். எங்கள் விளையாட்டிலும் அதுவே சட்டம். செத்தவன் கண்ணை மூடி இருபதுவரை எண்ணவேண்டும். பின்பு எழுந்து மறு கட்சியிற் சேர்ந்துகொள்ளலாம்.

பிற்காலத்தில் மெய்த் துப்பாக்கிகள் எங்கள் ஒழுங்கைகளுக்கு வந்தன. 2009இல் யுத்தம் முடிந்தபோது, அன்று விளையாடிய எழுவரில் இருவர் இல்லை. அதன்பின் நெடுங்காலம் சூடு விழும் படம் எதையும் என்னாற் பார்க்க இயலவில்லை. இரத்தம் தெறிப்பதை மெல்ல மெல்லக் காட்டும் இக்காலப் படங்களை இப்போதும் பார்ப்பதில்லை. அந்தப் பழைய ஏழைப் படங்களிடம் மட்டும் திரும்பிவர முடிந்தது. இது வெறும் நடிப்பு என்பதை அவை ஒளிப்பதேயில்லை.

சென்ற மாதம் பேரன் தன் கைத்தொலைபேசியில் அத்தகைய படமொன்றைப் போட்டுத் தந்தான். தானும் அருகிலிருந்து, "என்ன அப்பப்பா, ஒருத்தருக்கும் இரத்தமே வரேல்லை" என்று சிரித்தான். கால்மணி நேரஞ் சென்றபின் திடீரென நிமிர்ந்தான்.

"அப்பப்பா, இந்தாள் முன்னமே செத்தவரெல்லோ?"

படத்தைப் பின்னோக்கி ஓட்டி, மூக்கையும் நடையையும் ஒப்பிட்டுப் பார்த்தான். அந்த மனிதர் இன்னும் எத்தனை முறை சாகிறாரென்று இருவருமாக எண்ணத் தொடங்கினோம். மூன்று முறை செத்தார்.