சின்னம் யாருடையது?

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்கு அரசியல் என்பது இரண்டு ஊர்களில் நடைபெறும் காரியம். வாக்குரிமை இங்கே, வாதப் பிரதிவாதமோ ஊர்ச் செய்திகளைப் பற்றி. மாதுங்காவில் காப்பி அருந்திக்கொண்டே சென்னைச் சட்டசபையை நடத்தி முடித்துவிடுவோம். ஆயினும் அண்மையில் இந்நகரில் எழுந்த கேள்வியொன்று நம்மையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கட்சி பிளவுபட்டால் அக்கட்சி யாருக்குச் சொந்தம்?

2022 ஜூனில் சிவசேனையின் சட்டசபை உறுப்பினர்களிற் பெரும்பாலோர் ஏக்நாத் ஷிண்டேயின் பின் சென்றனர். உத்தவ் தாக்கரேயின் மந்திரிசபை வீழ்ந்தது. 55 உறுப்பினரில் 40 பேர் ஷிண்டே பக்கம் இருந்ததைக் கணக்கிட்டு, 2023 பிப்ரவரியில் தேர்தல் கமிஷன் கட்சிப் பெயரையும் வில் அம்புச் சின்னத்தையும் அவருக்கே அளித்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மராத்தியப் பெரியவர் இருக்கிறார். நான் அவரைக் ‘காகா’ என்பேன். அவர் என்னை ‘அண்ணா’ என்பார். (ஊரிலிருந்து வரும் உறவினர்கள், பெரியவரைக் காக்கை என்று அழைக்கிறேனே என முகத்தைத் திருப்பிக்கொண்டு நகைப்பார்கள்.) இளமை முதல் அக்கட்சிக் கிளையில் உழைத்தவர். 1966-இல் தோன்றிய அக்கட்சி தொடக்கத்தில் தென்னாட்டாரை எதிர்த்தே வளர்ந்தது. ஆகவே அதன் துயருக்காக நான் கண்ணீர் வடிக்கக் காரணமில்லை. எனினும் கமிஷனின் தீர்ப்பு வந்த அன்று மாடிப்படியில் அவர் என்னிடம், “அண்ணா, நாற்பது பேர் போனால் கட்சியே போய்விடுமா? சுவரொட்டி ஒட்டிய நாங்கள் எந்தக் கணக்கில் வருகிறோம்?” என்று கேட்டதற்கு என்னால் விடை கூற இயலவில்லை.

சின்னம் அற்பப் பொருளன்று. 1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்களுக்குச் சின்னமே கட்சி. 1969-இல் காங்கிரஸ் பிளந்தபின் நடந்த 1971 தேர்தலில் இரட்டைக்காளை எவர்க்கும் கிட்டவில்லை. இந்திரா காந்தி அம்மையாரின் பிரிவு பசுவும் கன்றுமாக வந்தது. காமராஜர் இருந்த பிரிவு இராட்டை நூற்கும் பெண்ணோடு நின்றது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் சேவலும் இரட்டைப்புறாவும் எதிரெதிரே களம் கண்டதை நம்மில் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். அப்போது வழக்கை முடித்து வைத்தவர்கள் வாக்காளரே: சேவலுக்கே ஆதரவு மிகுந்தது, ஜானகி அம்மையார் விலகினார், கட்சி ஒன்றுபட்டு இலையும் திரும்பியது. என் மனத்திற்கு அம்முறையே உவப்பானது. முதலில் சின்னத்தை முடக்கு. பிறகு மக்களைக் கேள்.

கமிஷன் தலைகளை எண்ணியதில் ஒரு நியாயமும் இல்லாமலில்லை. கட்சியின் சொந்த விதிகளை அளவுகோலாகக் கொள்ளலாமே என்று பார்த்தால், அவ்விதிகளே ஜனநாயகத்துக்கு ஒவ்வாதவை எனக் கமிஷன் கண்டது. தலைவரே நிர்வாகிகளை நியமிப்பார். அந்நிர்வாகிகளே தலைவரைத் தேர்ந்தெடுப்பர் என்றால், அங்கே எவருடைய வாக்கை எண்ணுவது? இக்குறை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. நாட்டை ஆளத் தேர்தல் வேண்டுமென்று முழங்குவோர், தம் வீட்டிற்குள் தேர்தலென்றால் தயங்குகின்றனர்.

ஜெர்மனி தேசத்தார் 1949-இல் வகுத்த அடிப்படைச் சட்டம், கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிக்கு இசைந்திருத்தல் வேண்டுமென வெளிப்படையாகவே கூறுகிறது. நம் நாட்டில் 1989 முதல் கட்சிகள் சட்டப்படி பதிவு செய்துகொள்கின்றன. அரசியலமைப்பிற்கு விசுவாசமாயிருப்போம் என எழுதியும் கொடுக்கின்றன. ஆனால், வாக்குறுதி தவறிய கட்சியின் பதிவை நீக்கும் அதிகாரம், சில விலக்குகள் நீங்கலாக, கமிஷனுக்கு இல்லையென 2002-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உறுப்பினர் பட்டியலை ஒழுங்காக வைத்து, அவர்களிடம் சீட்டுக் கொடுத்து வாக்கெடுத்த கட்சியாயின், காகாவின் பெயரும் அக்கணக்கில் ஒன்றாக இருந்திருக்கும். அத்தகைய பட்டியலைக் கட்சிகளிடம் கேட்டு வாங்கும் சட்டம் வேண்டுமென நம் தொகுதி உறுப்பினரிடம் எழுதிக் கேட்க நமக்கும் உரிமையுண்டு, நாம் எந்த மொழி பேசினாலும்.