மீளாத மின்னோட்டம்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனச் சங்கச் செயலாளர் பணித்த வேளையில், யான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எனது வீட்டு முற்றத்தில் ஓர் இழுவை வண்டியோடு போராடிக்கொண்டிருந்தேன். படுக்கை, அடுக்களை, குளியலறை யாவும் அமைந்த இத்தகைய வண்டியை மோட்டார் வாகனத்தின் பின்னே பூட்டிக் கோடையில் வனப் பூங்காக்களுக்குச் செல்வது இந்நாட்டில் வழக்கம். ஓய்வு பெற்றபின் அவ்வழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது.

மறுநாள் பயணம். வண்டியின் மின்வடத்தை வீட்டு வெளிச்சுவரிலுள்ள செருகுவாயிற் பொருத்தினேன். அதிலிருந்த காப்பு ஆளி உடனே விழுந்தது. மீண்டும் ஏற்றினேன், மீண்டும் விழுந்தது. உயிர்க் கம்பியிற் செல்லும் மின்னோட்டத்துக்கும் நொதுமற் கம்பியில் மீளும் மின்னோட்டத்துக்கும் ஏறக்குறைய 5 மில்லி அம்பியர் வேறுபாடு தோன்றினாலே சுற்றை அறுத்துவிடும் ஆளி அது.

அயல்வீட்டு நண்பர் எளிய வழியொன்று கூறினார். பூங்காவிலுள்ள 30 அம்பியர்ச் செருகுவாயில் இக்காவல் பெரும்பாலும் இராது. அங்கே பூட்டினால் விளக்கெல்லாம் எரியும் என்றார். அவர் கூற்றுப் பொய்யன்று. யானும் உடன்பட இருந்தேன்.

அவ்வேளை பேரன் ஈரப் புல்லின்மேல் வெறுங்காலுடன் ஓடிவந்து, வண்டிக் கதவின் கைபிடியைப் பற்றி, "அம்மப்பா, நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது?" என்றான். வடம் கழற்றப்பட்டிருந்தது, எனினும் நெஞ்சம் துணுக்குற்றது. வண்டி நிற்பதோ இறப்பர்ச் சில்லுகளின்மேல். புவிக் கம்பி அறுந்திருக்க, உயிர்க் கம்பி உலோக உடலைத் தீண்டுமாயின், 120 வோல்ற்று அச்சிறு கையின் வழியாகவே நிலத்தைத் தேடும்.

கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடம் நினைவில் எழுந்தது. "மின்னோட்டம் காணாமற் போவதில்லை, தம்பி. கணக்குப் பிழைத்தால் அது வேறு வழியாற் போயிருக்கிறது. அவ்வழியைத் தேடு" என்பார் எங்கள் ஆசிரியர்.

தேடினேன். வண்டியின் சுற்றுடைப்பான்கள் அனைத்தையும் நிறுத்தியும் ஆளி விழுந்தது. அவை உயிர்க் கம்பியை மட்டுமே பிரிப்பன. நொதுமற் கம்பி இணைந்தே இருக்கும். நொதுமலும் புவியும் வீட்டின் பிரதான மின்பலகையில் மாத்திரம் இணைதல் வேண்டும். வண்டிக்குள் ஒன்றையொன்று தீண்டலாகாது. எனவே, வடத்தை முற்றாகக் கழற்றி, வண்டியின் மின்பலகையிலிருந்து நொதுமற் கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, அவற்றுக்கும் புவிச் சட்டத்துக்கும் இடையிலுள்ள தடையை அளந்தேன். ஏனையவற்றில் தொடர்பே இல்லை. நீர்சூடாக்கியின் கம்பியில் மட்டும் சில ஓம் காட்டிற்று.

சூடாக்கியின் வெப்பச் சுருளைக் கழற்றினேன். அதன் உலோக உறை வெடித்திருந்தது. வசந்தத்தில் தொட்டி நிரம்புமுன் ஆளியைப் போட்டவன் யானே! நீரின்றிச் சூடேறும் சுருள் கணப்பொழுதிற் கருகிவிடும்.

புதிய சுருள் வந்து பூட்டுவதற்கு இரண்டு நாட்கள் சென்றன. பேரன் அழுதான், பொறுத்துக்கொண்டேன். பின்னர் வடத்தைப் பொருத்தியபோது ஆளி விழவில்லை. பிழையை என்னிடத்தே வைத்துக்கொண்டு காவலனையன்றோ வைதேன்!

பரீட்சையோடு முடிந்தது என்று எண்ணியிருந்த பாடம் அது. அதைக் கற்பித்த ஆசிரியர் இன்று இல்லை. அன்று அவருக்குச் சொல்லாத நன்றியை அன்னையின் மலரில் இன்று சொல்லி அமைகின்றேன்.