சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு 'பை'

'பை' என்றதும் கடைத்தெருவுக்கு எடுத்துப் போகிற பை என்று நினைத்துவிடாதீர்கள்! மைதா மாவைத் தட்டில் ஓடு மாதிரி பரப்பி, அதில் பூரணத்தை நிரப்பி, 'ஓவ'னில் வேகவைக்கிற பலகாரம். அமெரிக்காவில் வட கரோலினாவில் குடித்தனம் செய்யும் என் அக்கா பெண், போன தை மாதம் விழுப்புரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "சித்தி, நம்ம ஊர்க் கிழங்குல ஒரு பை பண்ணிப் பார்க்கலாமா?" என்று அவள்தான் ஆரம்பித்தது. அந்த நாட்டிலேயே அதிகமாகச் சர்க்கரைவள்ளி விளைவது அவள் இருக்கும் மாநிலத்தில்தான். நவம்பரில் நான்காவது வியாழக்கிழமை வரும் அவர்களுடைய நன்றித் திருநாளுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் இது இல்லாமல் விருந்தே கிடையாதாம்.

செய்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இதன் ருசி மாவில் இல்லை, கிழங்கைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

என் பிறந்த வீடு திண்டிவனம் பக்கத்துக் கிராமம். மல்லாட்டைக்குப் பேர் போன பூமி. (கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைக்கிறார்களே, அது திண்டிவனத்து ஆராய்ச்சிப் பண்ணையால் வந்த பெயர்தான்.) வரப்போரமாக நாலு பாத்தி சர்க்கரைவள்ளியும் இருக்கும். தோண்டின கையோடு வேகவைக்க அம்மா விடவே மாட்டார். தாழ்வாரத்தில் பரப்பி பத்து நாள் போட்டுவைத்தால்தான் தித்திப்பு ஏறும் என்பார். அது வாஸ்தவம்தான். வைத்திருக்க வைத்திருக்கக் கிழங்கிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. ஆனால் பத்திரமாக இருக்கட்டும் என்று பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். குளிர்பட்ட கிழங்கு எவ்வளவு வெந்தாலும் நடுவில் கெட்டியாகவே நிற்கும்.

வாங்கும்போது நடுத்தரப் பருமனாக, கனமாக, தோல் சுருங்காததாகப் பார்த்து எடுங்கள். ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருந்தால் கூன்வண்டு குடைந்தது என்று அர்த்தம். அது ஒரே கசப்பாக இருக்கும். வெந்தாலும் அந்தக் கசப்பு போகாது, உடம்புக்கும் ஆகாது. அதை மாட்டுத் தொட்டியிலும் போடவேண்டாம். பூசணம் பிடித்த கிழங்கு மாட்டின் நுரையீரலைப் பாதிக்கும்.

இனி வேகவைப்பது. குக்கரில் தண்ணீர் ஊற்றி நாலு விசில் விடுவது நம் வழக்கம். பைக்கு அது உதவாது. கிழங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுப் பூரணம் நசநசவென்று ஆகும். சின்ன வயசில் அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்கு தின்றிருக்கிறீர்களா? தோல் வெடித்து, பாகு மாதிரி கசிந்து, அடாடா! அதற்கு விஞ்ஞானம் காரணம் சொல்கிறது. கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. 60-லிருந்து 75 டிகிரி சூட்டில்தான் அது மும்முரமாக வேலை செய்யும். தணலில் கிழங்கு மெள்ளச் சூடேறுவதால் அதற்கு நேரம் கிடைக்கிறது. குக்கரில் சூடு கிடுகிடுவென்று ஏறிவிடுவதால், பாதி வேலையிலேயே அது அடங்கிவிடுகிறது.

ஆகவே முக்கால் கிலோ கிழங்கைக் கழுவித் துடைத்து, தோலோடு முள்கரண்டியால் குத்தி, 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான இரும்பு வாணலியில் மணல் கொட்டி, கிழங்கைப் புதைத்து மூடி, சின்னத் தீயில் சுடலாம். சூடாக இருக்கும்போதே தோலுரித்து, கரண்டியின் பின்பக்கத்தால் சல்லடையில் தேய்த்து இறக்கினால் நாரெல்லாம் மேலே தங்கிவிடும். இரண்டு கப் விழுது கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு சங்கடம். என் மாமியாருக்கு எண்பது வயசு, இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. எந்தப் பக்குவம் பைக்குத் தித்திப்பைக் கொடுக்கிறதோ, அதுவே அவருக்கு எதிரி. சுட்ட கிழங்கு ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தண்ணீரில் வேகவைத்தது அதைவிட நிதானமாகத்தான் ஏற்றும். அதனால் அவருக்கு எப்போதும் தோலோடு வேகவைத்த சின்னத் துண்டு ஒன்றுதான், அதுவும் சோற்றுக்குப் பதிலாக. அன்றைக்கு வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. அவர் கூடத்தில் உட்கார்ந்தபடி, "கஞ்சிக்கு வழியில்லாதப்ப இந்தக் கிழங்கைத் தின்னுதான் நாலு புள்ளைங்கள வளத்தேன். இப்ப அத வெண்ணெய் போட்டுப் பண்றீங்க, எனக்குத்தான் இல்ல" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். இரண்டு விரற்கடை அகலம் கொடுக்கலாம், ராத்திரிச் சோற்றில் அந்த அளவுக்குக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார். அப்படியே செய்தோம். மறுநாள் காலை கருவியில் பார்த்தபோது வழக்கமான அளவுதான். இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சர்க்கரைவள்ளி கண்ணுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் ரகத்துக்குத்தான் அது பொருந்தும். வைட்டமின் 'ஏ'யாக மாறும் சத்து அதில்தான் நிறைய. 2016-ல் உலக உணவுப் பரிசு வாங்கிய நால்வரில் மூவர், இந்த ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் சேர்த்தவர்கள். திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் 'ஸ்ரீ கனகா', 'பூ சோனா' என்று ஆரஞ்சு ரகங்களைக் கொடுத்திருக்கிறது. எங்கள் சந்தையில் நான் வாங்குவதெல்லாம் உள்ளே வெள்ளைதான். அதனால் ஒரு பெரிய காரட்டை ஆவியில் வேகவைத்து மசித்துச் சேர்த்தேன். நிறமும் வந்தது, சத்தும் சேர்ந்தது. வெண்ணெய் இருப்பதால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகவே ஒட்டும்.

மற்றதெல்லாம் சுலபம். ஒன்றரை கப் மைதா, சிட்டிகை உப்பு, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய் மூன்றையும் விரல் நுனியால் ரவை மாதிரி பிசறி, மூன்று நான்கு மேஜைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. அரை மணி ஃபிரிட்ஜில் வைத்துத் திரட்டி, ஒன்பது அங்குலத் தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, 180 டிகிரியில் கால் மணி நேரம் வேகவிடுங்கள். கிழங்கு விழுதோடு 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், அரை கப் பால், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், இரண்டு மேஜைக்கரண்டி சோளமாவு, ஏலக்காய், சுக்கு, துளி ஜாதிக்காய் கலந்து ஊற்றி, அதே சூட்டில் முக்கால் மணி. (அக்கா பெண் சோளமாவுக்குப் பதில் இரண்டு முட்டை போடுவாளாம்.) ஓரம் இறுகி, நடுவில் லேசாக அசையும்போதே எடுத்துவிடலாம், ஆறும்போது தானே கெட்டிப்படும். மூன்று மணி நேரமாவது பொறுத்து வெட்டுங்கள். ஓவன் இல்லாத சகோதரிகள் சுட்ட கிழங்கு விழுதை மட்டும் எடுத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டுச் சுருளக் கிளறிப் போளியாகத் தட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டு அதற்குத்தான்.