தக்காளி இல்லாத கோடை

பணம் கட்டுவது பிப்ரவரியில். மாசசூசெட்ஸின் கனெக்டிகட் ஆற்றங்கரை வயல்கள் அப்போது பனிக்கடியில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஒரு விதைகூட மண்ணில் விழுந்திருக்காது. ஆனால் விவசாயிக்குக் காசு தேவைப்படுவது அப்போதுதான். விதை வாங்க வேண்டும், நாற்றுக் கூடாரத்தைச் சூடேற்ற எரிவாயு வாங்க வேண்டும், டிராக்டரைப் பழுது பார்க்க வேண்டும். அதற்காக வங்கிக்குப் போய் நிற்காமல், சாப்பிடப் போகிறவர்களிடமே முன்பணம் வாங்கிவிடுகிறார். ஜூனிலிருந்து நவம்பர் வரை வாரத்துக்கு ஒரு தரம் பண்ணைக்குப் போய் நம் பங்கை எடுத்துவர வேண்டும். சமூக ஆதரவு வேளாண்மை, சுருக்கமாக சி.எஸ்.ஏ. என்பார்கள். என்ன காய் வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. வயல் கொடுத்ததுதான்.

ஜூனில் வயல் கொடுப்பது இலை. கேல், சார்ட், பாக் சோய், மறுபடி கேல். காய் என்று கண்ணில் படுவது முள்ளங்கியும் நூல்கோலும்தான். பூண்டுச் செடியின் சுருண்ட பூந்தண்டைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். துவையலுக்கு அதை மிஞ்சியது இல்லை. கேலைப் பொரியல் செய்தால் மெல்ல மெல்ல வாய் வலிக்கும். பாசிப்பருப்போடு நன்றாக வேகவிட்டுக் கூட்டாக்கினால் ஒரு மாதிரி வழிக்கு வரும். சார்ட் அப்படியில்லை, மசியலுக்கென்றே பிறந்தது.

ஒரு கோடையில் மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தாள். பண்ணைக் கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. இன்று கேரட் ஒரு கட்டு, பீட்ரூட் ஒரு கட்டு, கீரையில் ஏதாவது இரண்டு என்று சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். மேசைக்குக் கீழே உரக்குழிக்குப் போகும் தொட்டி. வருகிறவர்கள் பீட்ரூட்டின் கழுத்தைத் திருகி, இலையை அந்தத் தொட்டியில் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் எடுத்துப் போனார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து பீட்ரூட் கீரையை அள்ளிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். ஒருத்தர் திருகி முடித்து, தானே நீட்டினார். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு மூன்று பேர் அவளுக்கென்று எடுத்தே வைத்தார்கள்.

பீன்ஸ் மட்டும் நாமே போய்ப் பறித்துக்கொள்ள வேண்டும். அம்மா பாத்தியில் உட்கார்ந்தவள் பீன்ஸைத் தொடவேயில்லை. வரிசைக்கு நடுவே தரையோடு தரையாக, சிவந்த தண்டும் சதைப்பற்றான குட்டி இலையுமாகப் படர்ந்திருந்ததைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பருப்புக்கீரை! இங்கே அது களை. வேலையாட்கள் நாள் முழுக்க அதைக் கொத்திக் கொத்தி எறிகிறார்கள். ஒரு பிடி மண்ணையும் எடுத்து விரலில் நெருடிப் பார்த்து, “நம்ம படுகை மண்ணு மாதிரியே இருக்கேப்பா” என்றாள். பனியுகம் முடியும்போது பெரிய ஏரியொன்று நின்று வடிந்த பள்ளத்தாக்கு இது. அந்த வண்டல்மேல் ஆறும் தன் பங்குக்குக் கொட்டியிருக்கிறது.

அம்மா வந்த அந்தக் கோடை 2009. ஜூன் முழுக்க மழை. அதோடு, பெரிய சங்கிலிக் கடைகளில் விற்ற தக்காளி நாற்றுகளோடு கருகல் நோயும் வடகிழக்கு மாநிலங்கள் எங்கும் பரவிவிட்டது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததே, அந்தக் கிருமி. இலையில் எண்ணெய் சிந்தினாற்போல ஒரு பழுப்புத் திட்டு, தண்டில் கறுப்பு, பிறகு காய்கூடத் தோல்போல இறுகிவிடும். எங்கள் பண்ணையில் தக்காளி வரிசைகள் முழுவதையும் பிடுங்கி மூட்டை கட்டினார்கள். இந்த வருஷம் தக்காளி கிடையாது என்று விவசாயியிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன்.

“காசைத் திருப்பித் தருவாங்களா?”

“தர மாட்டாங்கம்மா. விளைஞ்சாலும் பங்கு, விளையாட்டியும் பங்கு. அப்படித்தான் பேச்சு.”

“அப்ப வாரம்னு சொல்லு. குத்தகை இல்லை.”

எத்தனையோ பேருக்கு இந்தத் திட்டத்தைப் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு வாக்கியம் போதுமாயிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் குத்தகை என்றால் மாவுக்கு இத்தனை கலம் என்று முன்கூட்டியே பேசியது. வெள்ளம் வந்தாலும் அளந்தாக வேண்டும். வாரம் என்றால் களத்தில் கிடப்பதைப் பங்கு போடுவது. களம் காலி என்றால் இருவருக்கும் காலி. அம்மாவின் அப்பா நிலத்தைக் குத்தகைக்குத்தான் விட்டிருந்தார். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலில் சம்பா முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. எனக்குப் பத்து வயது. பயிர் வைத்தவர் வாசல் திண்ணைக்குக் கீழே நின்றபடி பேசினார், உட்காரச் சொல்லவில்லை. தாத்தா அந்த வருஷம் கேட்கவில்லை, அடுத்த வருஷம் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஊரில் இதை அவருடைய பெருந்தன்மை என்றே பேசினார்கள். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தப் பங்குமுறை அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது என்று எழுதுவார்கள். மாசசூசெட்ஸின் சவுத் எக்ரிமாண்டில் ராபின் வான் என் என்ற பெண்மணியின் இந்தியன் லைன் பண்ணை, நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணை. ஆனால் ஜப்பானில் 1970களிலேயே பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பங்கள் ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் விவசாயிகளோடு நேராகக் கைகோத்திருந்தன. அமெரிக்காவிலும் அதற்கு முன்பே, அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின வேளாண் பேராசிரியர் புக்கர் வாட்லி, நகரத்துக் குடும்பங்களை உறுப்பினராகச் சேர்த்து முன்பணம் வாங்குங்கள், பறிப்பதையும் அவர்களிடமே விடுங்கள் என்று சிறு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயரைப் பல வரலாறுகள் நெடுநாள் சொல்லாமலே தாண்டிப் போயின. விட்டுப்போனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ராபின் 1997இல் இறந்துவிட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு அந்த நிலத்தை ஒரு சமூக அறக்கட்டளை வாங்கி, பயிர் வைக்கிறவர்களுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. வீடும் கொட்டகையும் அவர்களுடையது, மண் மட்டும் பொது. குத்தகை என்றாலே எனக்குத் திண்ணைக்குக் கீழே நின்றவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இப்படியும் ஒரு குத்தகை உண்டு என்பது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வந்தது. ஆறு பெருகி எங்கள் பண்ணையின் தாழ்ந்த வயலுக்குள் புகுந்தது. பரங்கிக்காய்கள் மிதந்தன. வெள்ளநீரில் எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும் என்பதால், அது பட்ட காயை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத காய்களை அப்படியே உழுது புதைத்தார்கள். மேட்டு வயலில் மிஞ்சியதைத்தான் எங்களுக்குப் பங்கு வைத்தார்கள்.

நஷ்டத்தில் பங்கு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2009இல் என் பங்குக்கு வந்த நஷ்டம், ரசத்துக்குக் கடைத் தக்காளி வாங்கியது. விவசாயிக்கு அப்படியில்லை, அடுத்த பிப்ரவரியில் எத்தனை பேர் திரும்பிப் பணம் கட்டுவார்கள் என்ற கவலை அவருக்கு. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு கழன்றுகொண்டது. எல்லோரையும் சமமாக அடிக்கும் பங்கு இன்னும் எங்கும் வரவில்லை. ஆனாலும் திண்ணைக்குக் கீழே நின்று பேசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது பல பண்ணைகளில் செல்போனிலேயே காயைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஊருக்குப் போனால் ஒரு வாரம் நிறுத்தியும் வைக்கலாம். வசதிதான், நானும் டர்னிப்பைத் தள்ளிவிடுகிறேன். ஆனால் தள்ளத் தள்ள அது கடையாகிவிடுகிறது. கடையில் தக்காளி இல்லையென்றால் யாரும் கடைக்காரரோடு சேர்ந்து வருத்தப்படுவதில்லை.

அம்மாவின் நிலமும் இன்று குத்தகையில்தான் இருக்கிறது. நெல்லாக இல்லை, ரொக்கமாக வாங்கிக்கொள்கிறாள். போன வாரம் தொலைபேசியில் கேட்டாள், “பண்ணைக்குக் கட்டிட்டியா?”

“கட்டிட்டேம்மா. இப்ப 800 டாலர்.”

மனக்கணக்கு ஓடுவது இங்கேயே கேட்டது. “அந்தக் காசுக்கு இங்க நீயே நிலத்தை எடுத்துப் பயிர் வைக்கலாமேப்பா.”

“தண்ணி வந்துட்டா?”

“அதான் இப்ப இன்சூரன்ஸ் இருக்கே,” என்றாள். “போன தடவை பணமே இன்னும் வந்து சேரலை, அது வேற விஷயம்.”