அத்திவாரமும் தென்னம்பிள்ளையும்

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும். இல்லையேல் அத்திவாரத்தோடு நின்று ஊரார் நகைப்புக்கு ஆளாவான் என்று இயேசு உரைத்ததாக லூக்கா சுவிசேஷத்தின் 14 ஆம் அதிகாரம் கூறும். சைவக் குடும்பத்திற் பிறந்த நான் இவ்வுவமையைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே வாசித்தேன். ஆயினும் அந்த அத்திவாரத்தைக் கொடிகாமத்தில் சிறுவயது முதலே கண்டு வந்திருக்கிறேன்.

2000 ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். 2002 இன் போர்நிறுத்தத்தின் பின் திரும்பியோரைக் கூரையற்ற சுவர்களும் தலையிழந்த தென்னைகளுமே வரவேற்றன. 2009 இன் பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. அவற்றுட் பெரியதான இந்திய வீட்டுத்திட்டத்தில், வீடு கட்டும் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வேலையின் படிநிலைகளுக்கேற்பத் தவணைகளாக வழங்கப்பட்டது. இத்தகைய உதவிகளைப் பெற்றோரிற் பலர் கொடுத்த அளவினும் பெரிதாக அத்திவாரமிட்டு, நகைகளை அடகுவைத்துக் கடனாளிகளாயினர். எமது ஒழுங்கையிலும் அத்தகைய வீடொன்று உண்டு. இரண்டு அறைகளுக்குக் கூரை உண்டு. மண்டபத்துக்கு அத்திவாரம் மட்டுமே.

உவமை சொல்வதுபோல் அதைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. நகைக்கும் தகுதி எங்களூரில் யாருக்கு இருக்கிறது? அவர்கள் கணக்கிடாமல் தொடங்கினர் என்பதும் பொருந்தாது. இழந்த பழைய வீட்டின் நீள அகலத்தையும், மகளின் சீதனத்தையும் கணக்கிலெடுத்தே நிலம் வெட்டினர். கையிலிருந்ததை விட்டு, கைவிட்டுப் போனதைக் கணக்கிட்டார்கள் எனலாம்.

மேற்கோளாக அதிகம் எடுத்தாளப்படாத இன்னொரு வாசகம் நீதிமொழிகள் 24:27 இல் உள்ளது. வெளிவேலையையும் வயலையும் முதலில் ஒழுங்குசெய்து, அதன்பின் வீட்டைக் கட்டு என்பது அதன் சாரம். செலவுக் கணக்கைவிட இந்த வரிசைமுறையே எங்கள் மண்ணுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. என் அம்மம்மா விவிலியத்தைத் தொட்டறியாதவர். ஊர் திரும்பியதும் அவர் செய்வித்த முதல் வேலை கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியது. அடுத்து வேலி, அதற்கடுத்துத் தென்னம்பிள்ளைகள். குடும்பம் கிடுகுக் கொட்டிலில் இருக்க, தென்னம்பிள்ளைக்கு நீர் வார்த்த அவரை உறவினர் பலர் கடிந்தனராம். தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். காய்த்த பின்னரே, சந்தையில் தேங்காய் விற்ற பணத்தோடு வீடு அறையறையாக எழுந்தது.

எனினும் அம்மம்மாவுக்குக் காணி சொந்தமாக இருந்தது. உழைக்க ஆட்களும் இருந்தனர். கூடாரத்தினுள் கைக்குழந்தையோடு இருப்பவளிடம் தென்னை காய்க்கும்வரை பொறுத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தவணைப் பணமும் காத்திருக்காது. வயல் முதலில் என்னும் அறிவுரை, வயல் நாளையும் தன்னுடையதாயிருக்கும் என்று நம்பக்கூடியவனுக்குச் சொல்லப்பட்டது. லூக்காவின் அதே அதிகாரத்தில், பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கலாமோ என்று ஆலோசிக்கும் அரசனின் உவமையும் வருகிறது. அதனை எங்களூரில் உரத்து வாசிப்பது எளிதன்று.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தின் விலை உயர்ந்தபோது, ஒழுங்கை வீட்டாரின் மண்டப எண்ணம் மீண்டும் தள்ளிப்போயிற்று. இப்போது அந்த அத்திவாரத்தினுள் மரவள்ளி நிற்கிறது. சென்ற முறை கிழங்கு நன்றாக விளைந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வந்தது.