யுத்தம் பார்த்த ஊரில் யுத்த விளையாட்டா?



பிள்ளைகளோடு சேர்ந்து மேசையில் திருகோணமலைத் துறைமுகம் செய்கிறேன் என்று அறிந்த ஒரு பெற்றோர், "சேர், நாம பட்டது போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ரெஜிபோமை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டினால் மலை. சாயம் போட்ட மரத்தூள் புல். கரைக்கு நம்ம ஊர் மணல். கப்பல்கள் 1200இல் ஒரு பங்கு அளவு. 182 மீற்றர் நீளமான ஹேர்மிஸ் 15 சென்ரிமீற்றர் மட்டைக் கப்பலாகிவிடும். நிலத்தை இன்னும் சுருக்கினோம், இல்லாவிட்டால் மண்டபமே போதாது.

நாங்கள் ஆடுவது 1942 ஏப்ரல் 9. அன்று ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. முதல்நாளே வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ், தன் விமானங்கள் இல்லாமலே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் மௌத்.

1913இல் எச்.ஜி.வெல்ஸ் பொம்மைப் படைகளுக்கு விதிநூல் எழுதினார். மறுவருடமே உலக யுத்தம் வந்தது. விளையாட்டு யுத்தத்தைத் தடுக்காது, உண்மைதான்.

ஆனால் தாயம் உருட்டப்போன நேரம் ஒரு மாணவி, "சேர், இதுல கிண்ணியா எங்க?" என்றாள். சீனன்குடாவுக்கு அக்கரையில் சிறு வீடுகளும் தோணிகளும் வைத்தோம். பிறகு எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் குண்டு போடவில்லை.

அந்தப் பெற்றோருக்கு என் பதில் அதுதான். படங்களில் யுத்தம் பார்க்கும் பிள்ளைக்குக் கீழே இருக்கும் வீடு தெரியாது. மேசையில் தெரியும்.

அந்த நாளைப் பற்றி உங்கள் மூத்தவாப்பா, உம்மம்மா சொன்ன கதை இருந்தால் கொமண்டில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.