தாமதித்தது யார்?

இசைக் குழு மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு

டிசம்பர் மாதம் பிறந்து, வராந்தாவில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிட்டால், எங்கள் பள்ளியில் பாடத்தைவிடப் பாட்டே அதிகம் ஒலிக்கும் என்பது ஆசிரியைகள் அனைவரும் அறிந்த இரகசியம். சென்ற ஆண்டும் அவ்வாறே. ஆனால் சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு தனிப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. மடத்தின் நோயாளர் அறையில் இருக்கும் முதிய அருட்சகோதரியர் படியிறங்கிக் கேரல் விழாவுக்கு வர இயலாதவர்கள். "அவர்கள் பாட்டிடம் வர முடியாவிட்டால் பாட்டு அவர்களிடம் போகட்டுமே" என்றார்கள் எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி. மூன்று கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பதிவு செய்து, டிசம்பர் 24 காலையில் அவர்கள் கேட்கச் செய்ய வேண்டும். நாங்கள் அறுவரும் மகிழ்ச்சியோடு தலையாட்டினோம். எதற்குத் தலையாட்டுகிறோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது!

இசை அறையில் ஒரு மின் கிட்டார் இருக்கிறது. அதனுடன் இரண்டு மிதிகளும் ஒரு சிறு திரையும் கொண்ட தட்டையான பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் எஃபெக்ட்ஸ் பிராசஸர். முன்னாள் மாணவி ஒருவர் அன்பளிப்பாகத் தந்தவை. எங்களுள் யாருக்கும் கிட்டார் வாசிக்க வராது. பள்ளியிலேயே நன்றாக வாசிப்பவள் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்திதான். அவள் பெயரை இக்கட்டுரையில் எழுதக் கூடாது என்பது அவள் எங்களுக்கு இட்ட கட்டளை.

அந்தப் பெட்டி செய்யும் வேலையை முதலில் கூறிவிடுகிறோம். கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் 'பிக்கப்' என்ற பகுதி உள்ளது. காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பியும் கொண்டது அது. எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, அதுவேதான்! அந்த மின்னோட்டத்தைப் பெட்டி விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. எண்களாகிவிட்டால் பிறகு எல்லாம் கணக்கு. எண்களைச் சற்றுநேரம் தேக்கி வைத்து மீண்டும் சேர்த்தால் எதிரொலி. பல்லாயிரம் சிறு எதிரொலிகளைக் குவித்தால் பேராலயத்துக்குள் வாசிப்பது போன்ற முழக்கம். ஒலியலையின் உச்சியைச் சீவிவிட்டால் கரகரப்பு.

கரகரப்பு என்றதும் எங்களுக்குப் பிடித்த ஒரு கதை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவாகி 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்ற பாடலில், ஒலிக்கலவை இயந்திரத்தில் நேர்ந்த பழுதினால், கிரேடி மார்ட்டின் வாசித்த தந்தி வாத்தியம் வண்டு இரைவது போலப் பதிவாகிவிட்டது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். பாட்டும் புகழ் பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே வேண்டும்போது உண்டாக்கும் சிறு மின்சுற்று ஒன்றை அமைத்தார். அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பழுதுக்கு இப்படியும் ஒரு யோகம்! எங்கள் பழுதுகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

முதல் நாள் முழுவதும் இரைச்சலோடு போராடினோம். கிட்டாரைச் செருகியதும் 'உம்ம்' என்று ஓயாத ஒலி. வாசிப்பவள் நாற்காலியோடு திரும்பினால் அது கூடிற்று, குறைந்தது. கிட்டாரின் பிக்கப் தந்தியின் அசைவை மட்டுமன்றி, அறையிலுள்ள மின் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வையும் சேர்த்தே பிடிக்கிறது என்று பின்னர் அறிந்தோம். குழல் விளக்கை அணைத்தோம்; பாதி குறைந்தது. மின்விசிறியை ரெகுலேட்டரில் குறைத்து வைத்தால் எழுந்த 'கிர்ர்' ஒலி, முழுவேகத்தில் வைத்ததும் போயிற்று. எஞ்சியிருந்தது மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. பெட்டியும் கணினியும் வெவ்வேறு வழியாக மின்சாரம் எடுத்துக்கொண்டு, நடுவில் யு.எஸ்.பி. கம்பியாலும் இணைந்திருந்தால் இந்த வம்பு நேர்வதுண்டு. அன்றுமுதல் கணினிக்கு முதல்நாள் இரவே மின்னேற்றி வைப்பதை ஒரு நேர்த்திக்கடன் போலச் செய்தோம்.

பெட்டியின் அடாப்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தொலைந்திருந்தது. வீட்டிலிருந்து ஒரு தோழி கொண்டுவந்த 9 வோல்ட் அடாப்டர் துளையில் கச்சிதமாகப் பொருந்தியது. செருகப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தியவள் எங்கள் தங்கைதான். "அக்கா, நடுமுனை எதிர்மின் முனையா என்று முதலில் பாருங்கள்" என்றாள். பார்த்தோம். பெட்டியில் நடுமுனை எதிர், அடாப்டரில் நடுமுனை நேர்! இதுபோன்ற பெட்டிகளுள் பெரும்பாலானவை நடுமுனை எதிராக இருப்பவை. சாதாரண அடாப்டர்களோ பல நேராக இருப்பவை. அன்று அவள் கை பிடித்திராவிட்டால் இக்கட்டுரையும் இல்லை. இந்த நன்றியை நாங்கள் எத்தனை நாள் நினைவில் வைத்திருந்தோம் என்பதை இனிக் காண்பீர்கள்.

அடுத்து, பதிவான ஒலி தகரத்தைக் கீறுவது போலிருந்தது. பெட்டியின் 'அவுட்புட்' அமைப்பு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதாக இருந்ததே காரணம். கிட்டாருக்கென அமைந்த ஒலிபெருக்கி, ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட கீச்சொலியை வெகுவாக அடக்கிவிடும். நேரே கணினியில் பதிவு செய்கையில் ஒலிபெருக்கி இல்லை. ஆகவே அதன் வேலையைப் பெட்டியே கணக்கிட்டுச் செய்ய வேண்டும். அமைப்பை மாற்றியதும் தகரம் மறைந்து தேன் வந்தது. ஒலியளவைச் சிவப்பு விளக்கு எரியாதபடி தாழ்த்தி, உச்சம் -12 டெசிபெல் அருகில் நிற்குமாறு வைத்தோம். கணினியில் பூச்சியத்துக்கு மேல் இடமே கிடையாது. அங்கே வெட்டுப்படும் ஒலி நாஷ்வில் கரகரப்பைப் போல இனிக்காது, உடைந்த கண்ணாடிபோல் ஒலிக்கும்.

இரண்டாம் நாள் எதிரொலி வந்தது. தங்கை ஒருமுறை மீட்டினால் காதில் இருமுறை கேட்டது. பெட்டியிலிருந்து நேரே ஒரு முறையும், கணினிக்குள் போய்ச் சுற்றி வந்து ஒரு முறையும். மென்பொருளில் உள்வரும் ஒலியை உடனே திருப்பி அனுப்பும் குறியை எடுத்துவிட்டால் போதும். எடுத்தோம். ஆனால் அத்துடன் நின்றோமா? 'தாமத ஈடு' என்ற பொருளில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. அதில் ஓர் எண்ணும் இருந்தது. தாமதம்தானே நமது தொல்லை, அது எதற்கு என்று அதில் பூச்சியத்தை இட்டோம். எதிரொலி நின்றது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, எது பலித்தது என்று பார்க்காமல் விட்டோம். என்னே எங்கள் அறியாமை!

மூன்றாம் நாள் முதற்பாடல். நிமிடத்துக்கு 80 தட்டு வீதம் மெட்ரோனோம் ஒலிக்க, தங்கை ஹெட்ஃபோனில் அதைக் கேட்டபடி வாசித்தாள். போட்டுக் கேட்டால், கிட்டார் ஒவ்வொரு தட்டுக்கும் சற்றே பின்னால் வந்தது.

"தாளத்தைக் கவனித்து வாசி" என்றோம். மீண்டும் வாசித்தாள். மீண்டும் பிந்தியது. ஐந்தாவது முறை எங்கள் குரல் உயர்ந்தது. "அக்கா, வாசிக்கும்போது எனக்குச் சரியாகத்தான் கேட்கிறது" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பதிவு பொய் சொல்லுமா?" என்று கேட்டோம். "ஒன்பதாம் வகுப்பை நம்பி இறங்கினால் இப்படித்தான்" என்றும் எங்களுள் ஒருத்தி சொன்னாள். யார் சொன்னது என்று எழுதப்போவதில்லை. மற்ற ஐவரும் அதைத் தடுக்கவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கிட்டாரின்மேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

டிசம்பர் 24-க்கு ஒன்பது நாளே இருந்தது. கிட்டாரை விட்டு ஆர்மோனியத்தோடு பதிவு செய்யலாம் என்று தீர்மானித்து, பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தோம். அப்போதுதான் கண்டோம். அவள் எழுந்துபோன பிறகும் பதிவை நிறுத்த எவருக்கும் தோன்றவில்லை. அவள் வாசிப்பு முடிந்தபின் நீண்ட வெறுமை. ஆனால் அந்த வெறுமையில் முள் முள்ளாகச் சிறு புள்ளிகள். ஒலியைக் கூட்டிக் கேட்டோம். 'டிக், டிக்' என்று மெட்ரோனோம்! கிட்டாரின் பிக்கப் மேல் கிடந்த ஹெட்ஃபோனின் உள்ளேயும் கம்பிச் சுருள் உண்டல்லவா? அதன் காந்தப்புல மாற்றத்தைப் பிக்கப் பிடித்திருக்கிறது. ஃபாரடே மறுபடியும் வந்துவிட்டார்!

அலையைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மெட்ரோனோம் 0.750 விநாடியில் தட்டினால் பதிவு 0.820-இல். 1.500-க்கு 1.570. 2.250-க்கு 2.320. நாற்பது தட்டுகளைப் பார்த்தோம். நாற்பதும் 70 மில்லி விநாடி பிந்தியிருந்தன. வாசிப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அறை நிசப்தமாயிற்று.

இசைப் பொறுப்புச் சகோதரியிடம் ஓடினோம். அவர்கள் கணினி அறிந்தவர்கள் அல்லர். ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பாடகர் குழுக்களைப் பழக்குகிறவர்கள். "பிந்துகிற பிள்ளை ஒரு சமயம் அதிகம் பிந்தும், ஒரு சமயம் குறைவாகப் பிந்தும், களைத்தால் முந்தவும் செய்யும். நாற்பது முறையும் ஒரே அளவு பிந்துகிற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை" என்றார்கள்.

கணினி ஒலியை ஒவ்வோர் எண்ணாக வாங்கிக்கொள்வதில்லை. பஃபர் என்னும் பெட்டியில் மூட்டை கட்டி வாங்குகிறது. மூட்டைக்கு 1,024 எண்கள் என்றால், அது நிறையவே 23 மில்லி விநாடி ஆகிறது. மெட்ரோனோம் வெளியே வர ஒரு மூட்டை, கிட்டார் உள்ளே போக ஒரு மூட்டை, இயங்குதளமும் யு.எஸ்.பி.யும் எடுத்துக்கொள்வது வேறு. எல்லாம் சேர்ந்து எங்கள் கணினியில் 70. ஒலி அந்நேரத்தில் காற்றில் ஏறத்தாழ 24 மீட்டர் போய்விடும். எங்கள் அருகில் அமர்ந்து வாசித்தவளை, கூடைப்பந்துத் திடலின் மறுகோடியில் நின்று வாசித்தவளாக ஆக்கியிருந்தோம். காதில் வந்துசேர்ந்த மெட்ரோனோமும் அவளது கிட்டாரும் அவளுக்கு ஒன்றாகவே கேட்டன. அவள் சொன்னது முற்றும் உண்மை. இந்த 70-ஐக் கழித்துத் தருவதற்காக மென்பொருள் வைத்திருந்த கட்டத்தில்தான் நாங்கள் பூச்சியம் இட்டிருந்தோம்.

கட்டத்தில் 70 என்று எழுதினோம். தாமதம் 140 ஆயிற்று! கழித்தல் குறியை மறந்திருந்தோம். குறியிட்டதும் டிக்கும் டிக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பிறகு தங்கையின் ஐந்தாவது பதிவையும் 70 முன்னே நகர்த்திப் பார்த்தோம். அவள் மீட்டு ஒவ்வொன்றும் தட்டிலிருந்து பத்து மில்லி விநாடிக்குள் இருந்தது. ஆவல் மிகுந்து, எங்கள் குழுவில் தாளத்துக்குப் பெயர்பெற்ற தோழியை ஹெட்ஃபோன் மாட்டிக் கிட்டாரைத் தட்டச் சொன்னோம். அவள் கணக்கு: முந்தியது 40, பிந்தியது 65, முந்தியது 20, பிந்தியது 90. அதற்குமேல் அளக்க வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு வாயிலில் ஆறு பெரிய பெண்கள் வரிசையாய் நின்றதை அந்த வகுப்பு இன்னும் மறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பதைவிட அது கடினமாக இருந்தது. அங்கே திரையாவது உண்டு. "தப்பு எங்களுடையது. நாங்கள்தான் அந்த எண்ணை மாற்றினோம்" என்றோம். அவள் நெடுநேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "எத்தனை மில்லி விநாடி, அக்கா?" என்று கேட்டாள். சொன்னோம். "நான் நூறு இருக்கும் என்று நினைத்தேன்" என்றாள். தெரிந்திருந்துமா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள்.

அவள் வந்தாள். உடனே பழையபடி பேசிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். மூன்று பாடல்களும் முடியும் வரை எங்களிடம் வேலைப் பேச்சு மட்டுமே பேசினாள். வாசிக்கும்போது அறையில் எவரும் நிற்கக் கூடாது என்றாள். வராந்தாவில் காத்து நின்றோம். டிசம்பர் 22 மாலை, மணியடித்த பிறகு, கடைசிப் பாடலும் நிறைவுற்றது.

24-ஆம் நாள் காலை நோயாளர் அறைக்கு அவளையும் அழைத்துச் சென்றோம். அங்கே மிக மூத்த சகோதரிக்குக் காது மந்தம். ஹெட்ஃபோனை அவர்களுக்கு மாட்டிவிட்டோம். கண்ணை மூடிக் கேட்டார்கள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் தாளம் போடத் தொடங்கினார்கள். தாளம் முந்திற்று, பிந்திற்று, நின்றது, மறுபடி தொடங்கிற்று. தங்கை எங்கள் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில், "சிஸ்டருக்கு எத்தனை போடலாம், அக்கா?" என்றாள்.

பத்து நாட்களில் அவள் எங்களிடம் பேசிய முதல் விளையாட்டுப் பேச்சு அது.